மூன்று வேளையும் சோறு, உட்கார்ந்த வேலை, சர்க்கரை எல்லையில்: வீட்டுச் சமையலை வைத்தே என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 43, எடை 78 கிலோ. மன்னார்குடியில் மளிகைக்கடை. காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை கல்லாவில் உட்கார்ந்த வேலை. எச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.1 வந்திருக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. ‘சோத்தைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று அனுப்பிவிட்டார். வீட்டில் அம்மாவும் மனைவியும் சமைக்கிறார்கள், உங்களுக்கென்று தனி உலை வைக்க வழியில்லை. ஜிம்முக்கு நேரமில்லை. ஓட்ஸ், கினோவா, சத்துமாவு டப்பா இதையெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் இப்போது சமைக்கிற சமையலே போதும். அளவும், பரிமாறும் வரிசையும், இரவுச் சாப்பாட்டு நேரமும் மாறினால் சரி. அதோடு சாப்பிட்டபின் கால் மணி நேர நடை. கும்பகோணம் பக்கம் உணவு ஆலோசனை சொல்கிற வேலையில் இருப்பவள் என்பதால், டெல்டா வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்தே சொல்கிறேன்.

6.1 என்றால் பயப்பட வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நோய். இந்தியாவில் இந்த முந்தைய நிலையில் 13.6 கோடிப் பேர் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. இந்த நிலையிலிருந்து திரும்பிவர முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. எல்லையில் இருந்த 500க்கும் மேற்பட்டவர்களை மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவு வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்கு, நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் 2002இல் வந்த இதே மாதிரி ஆய்வில் 58 சதவீதம் குறைந்தது. அங்கே வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும். உங்கள் எடைக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. நடக்கக்கூடிய காரியம்தான்.

முதலில் தராசுக்கு வருவோம். மற்றவர்களுக்கு இல்லாத வசதி உங்களுக்குக் கடையிலேயே இருக்கிறது. ஒரு நாள் வீட்டில் உலையில் போடும் அரிசியை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துவந்து நிறுத்துப் பாருங்கள். அதை ஆள் கணக்கில் வகுத்து, உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இட்லி, தோசையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நடுத்தர இட்லி நாலில் 60, 70 கிராம் அரிசியும் உளுந்தும் இருக்கும். காலையில் ஐந்து இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, இரவு மூன்று தோசை என்று சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் 330 கிராம் தாண்டிவிடும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரிச் சாப்பாட்டுக்குத் தானியம் மொத்தமே 250 கிராம்தான். காய்கறி 400 கிராம், பழம் 100, பருப்பும் முட்டை மீன் வகையும் சேர்த்து 85, பால் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம்.

இப்போது உங்கள் தட்டை நினைத்துப் பாருங்கள். சோறு கூடுதல், காய் கால்வாசி, பருப்பு சாம்பாரின் அடியில் எங்கோ. நான் பார்க்கிற பத்து வீட்டில் எட்டு வீடு இப்படித்தான்.

சோறு கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் விடியலில் நாற்றங்காலில் இறங்கி, நாற்று முடியைத் தூக்கி, களை பறித்து, கதிர் அறுத்து, கட்டைத் தலையில் வைத்துக் களத்துக்கு நடந்தவர்கள். இன்று நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். வயல்காரருக்கே உழைப்பு குறைந்துவிட்டது. கடைக்காரருக்குக் கேட்கவே வேண்டாம். உழைப்பு போய்விட்டது, அந்த உழைப்புக்கான சாப்பாட்டு அளவு மட்டும் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது.

அந்த அளவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறேன். நம் பக்கம் சாப்பாடு சுற்றுச் சுற்றாக வரும். சாம்பாருக்குச் சோறு, வத்தக்குழம்போ மீன் குழம்போ இருந்தால் அதற்கும் சோறு, ரசத்துக்குச் சோறு, கடைசியில் மோருக்கும் சோறு. ஒவ்வொரு சுற்றும் ‘கொஞ்சம்தானே’ என்றுதான் விழுகிறது. முடிவில் நாலு கரண்டி ஆகிவிடுகிறது. எனவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு குழம்புக்கு மட்டும் சோறு. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மோரையும் அப்படியே, பெருங்காயமும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டு. எதையும் விடவில்லை, சமையலும் மாறவில்லை, சோறு மட்டும் பாதியாகிவிடும். மோர் சோறு இல்லாமல் சாப்பாடு முடிந்த மாதிரியே இல்லை என்பவர்கள் குழம்புச் சோற்றைக் குறைத்துக்கொண்டு, இரண்டு கைப்பிடி மோர் சோற்றை வைத்துக்கொள்ளலாம். இதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது.

அப்புறம் வரிசை. தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் விழட்டும், அதில் பாதியைச் சாப்பிட்டபின் சோறு வரட்டும். காயும் பருப்பும் முதலில் வயிற்றுக்குள் போனால், பின்னால் வரும் மாவுச்சத்து இரத்தத்தில் மெதுவாக ஏறும். அம்மாவிடம் ‘சோறு குறைச்சுப் போடுங்க’ என்று சொன்னால் மனசு கேட்காது, ‘பிள்ளை இளைச்சுப் போச்சு’ என்று இன்னொரு கரண்டி வைப்பார். ‘அந்தக் கூட்டு இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா’ என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் சந்தோஷம், தட்டில் இடமும் நிறைந்துவிடும்.

கூட்டு கேட்டு வாங்கும் அளவுக்குச் சமைத்திருக்க வேண்டுமே, அதுதான் இதில் சிக்கல். நாலு பேருக்குக் கால் கிலோ அவரைக்காய் வாங்கினால் ஆளுக்கு இரண்டு கரண்டிகூட வராது. அதை முக்கால் கிலோ ஆக்குங்கள். அரிசிக்குப் போகிற காசு குறையும், காய்க்கு அது போகட்டும். நம் பக்கம் காய்க்குப் பஞ்சமே இல்லை. அவரை, கொத்தவரை, புடலை, பூசணி, முருங்கை, சுண்டைக்காய் எல்லாம் இருக்கின்றன. வாழைத் தோட்டம் இருக்கும் ஊர் என்பதால் தண்டும் பூவும் மலிவு. வாழைத்தண்டை யாரும் செய்யாததற்கு நறுக்குகிற வேலைதான் காரணம். பட்டை உரித்தபின் தண்டை வட்டமாக வெட்டி, ஒவ்வொரு வட்டத்துக்கும் விரலைச் சுற்றி நாரை இழுத்துவிட்டு, நாலைந்து வட்டங்களை அடுக்கிப் பொடியாக நறுக்கி மோர்த் தண்ணீரில் போட வேண்டும், கறுக்காது. பாசிப்பருப்பை மலர வேகவைத்து, தண்டையும் சேர்த்து, தாளித்து ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ போட்டு இறக்கினால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளாமலே சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த நறுக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள். வீட்டில் உங்கள் சாப்பாட்டு மாற்றத்துக்கு எதிர்ப்பே இருக்காது.

கீரைக்குக் கணக்கு எளிது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை, சிறுகீரை என்று தினம் ஒன்று, ஆளுக்கு ஒரு பெரிய கைப்பிடி.

பருப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்னாடியே, நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். மிச்ச ஈரத்திலேயே அது வளர்ந்து பங்குனி, சித்திரையில் கைக்கு வந்துவிடும். வாசலில் விளைகிற பயறு மூட்டையாக வெளியூர் போய்விடுகிறது. வீட்டிலோ நாலு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. ஆளுக்கு 25 கிராம், புரதக் கணக்கில் ஐந்தாறு கிராம்தான். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். புரதம் போதாவிட்டால் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகும்.

காலைச் சாப்பாட்டில் இதைச் சரிசெய்வது சுலபம். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் இட்லிக்குச் செய்யும் கடப்பா உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். வழக்கமாக உருளைக்கிழங்குதான் அதில் ராஜா, பாசிப்பருப்பு பேருக்கு. அதைத் திருப்பிப் போடுங்கள். நாலு பேருக்கு 150 கிராம் பாசிப்பருப்பு, உருளை சின்னதாக ஒன்று மட்டும், மீதி இடத்துக்குக் கேரட், பீன்ஸ், நூக்கல். பருப்பைக் குக்கரில் போட்டால் கூழாகிவிடும். திறந்த பாத்திரத்தில் மசிகிற பதத்துக்கு வேகவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், ஒரு கரண்டி பொட்டுக்கடலை, நாலு பச்சை மிளகாய், சோம்பு, மூன்று பல் பூண்டு சேர்த்து நைசாக அரையுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, காயை வேகவிட்டு, பருப்பும் அரைத்த விழுதும் சேர்த்து ஒரு கொதி. பச்சை வாசனை போனதும் இறக்கி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசக்கும். ஆளுக்கு ஒன்பது கிராம் புரதம் பருப்பிலிருந்து மட்டும் கிடைக்கும், அதாவது ஒன்றரை முட்டைக்குச் சமம். கிண்ணம் நிறையக் கடப்பாவும் மூன்று இட்லியும். ஐந்தாவது இட்லி ஞாபகத்துக்கே வராது.

இரவுக்கு அடை. பெரும்பாலான வீடுகளில் அரிசி இரண்டு பங்கு, பருப்பெல்லாம் சேர்த்து ஒன்றரைப் பங்கு போடுவார்கள். நீங்கள் அரிசி ஒரு பங்கு, கடலைப்பருப்பு, துவரை, பச்சைப்பயறு, தோல் உளுந்து கலந்து இரண்டு பங்கு போடச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்க வேண்டியதில்லை. கொரகொரவென்று அரைத்து முருங்கைக்கீரை உருவிப் போட்டு வார்த்தால் இரண்டே அடையில் வயிறு நிறையும். அவியல் இருந்தால் சரி. வெல்லமும் வெண்ணெயும் வேண்டாம்.

நீங்கள் அசைவமா என்று சொல்லவில்லை. அசைவம் என்றால் வேலை இன்னும் சுலபம். நாகப்பட்டினம் கரையிலிருந்து வரும் மத்தியும் நெத்திலியும் விலை குறைவு, நல்ல கொழுப்பும் புரதமும் அதிகம். வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வையுங்கள். வறுவல் ஆசை வந்தால் தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் போட்டு எடுக்கலாம், முக்கிப் பொரிக்க வேண்டியதில்லை. கருவாட்டில் உப்பு அதிகம். ரத்தக்கொதிப்பும் இருந்தால் தள்ளிவையுங்கள். தினம் ஒரு முட்டை பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு செய்யாது.

பாரம்பரிய அரிசி பற்றியும் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாவட்டம் அதற்குப் பேர்போனது. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த ரகங்களை மறுபடி விவசாயிகள் கையில் சேர்த்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கறுப்புக் கவுனி எல்லாம் உமி மட்டும் நீக்கி, தவிடு போகாமல் வந்தால் நார்ச்சத்து கூடுதல், மென்று சாப்பிட நேரமாகும், பசியும் தாங்கும். ஆனால் மாவுச்சத்து அதிலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல்தான். ‘கவுனி சாப்பிட்டா சுகரே போயிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட, கவுனியை வாங்கிக்கொண்டுபோய் வெல்லம் போட்டுப் பொங்கல் வைப்பவர்கள் இன்னும் அதிகம்! வாங்கினால் முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் குக்கரில் கூடுதல் விசில் விட்டு வேகவையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். நம் சாதாரணப் புழுங்கலரிசியே பச்சரிசியைவிட மேல். நெல்லாகவே ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும், சர்க்கரையும் சற்று மெதுவாக ஏறும்.

பழைய சோறு கோடைக்கு நல்லதுதான். அதற்கும் இதே அளவுதான், தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் வடகமும் பொரிக்காமல் சின்ன வெங்காயம் போதும்.

இனிப்புக்கு வருவோம். டிகிரி காபியை விடச் சொல்லி நான் இதுவரை யாரிடமும் ஜெயித்ததில்லை, உங்களிடமும் முயற்சி செய்யப் போவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் 40 கிராம் ஆகிறது. நாள் முழுவதற்குமே 25 கிராமைத் தாண்டக் கூடாது. காபியை இரண்டாக்கி, வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினால் லாபம் என்று நினைக்க வேண்டாம், ரத்தத்துக்கு எல்லாம் ஒன்றுதான். அசோகா அல்வாவில் பாசிப்பருப்பு இருக்கிறதே என்று கேட்டவரும் உண்டு. பருப்பைவிட நெய்யும் சர்க்கரையும் அதில் அதிகம். திருவையாறு போனால் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வீட்டுக்கு அரைக் கிலோ பார்சல் கட்ட வேண்டாம். பழம் சாப்பிடலாம். பூவன் ஒன்று, கொய்யா ஒன்று என்று அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸ் போட வேண்டாம்.

எண்ணெயையும் உப்பையும் தினம் அளக்கத் தேவையில்லை, கடைக்காரருக்கு மாதக் கணக்குதான் வசதி. நாலு பேர் வீட்டுக்கு எல்லா எண்ணெயும் நெய்யும் சேர்த்து மாதம் மூன்றரை லிட்டர். உப்பு 600 கிராம்; இதில் ஊறுகாய், அப்பளம், வத்தலில் இருக்கும் உப்பும் அடக்கம். உங்கள் வீட்டுச் சிட்டையைப் புரட்டினால் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும்.

இரவு நேரம்தான் கடைக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. ஒன்பதரைக்குக் கடை அடைத்து, பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுத்தால் எந்தச் சாப்பாடும் உடம்பில்தான் தங்கும். கேரியரில் ஏழரைக்கே சாப்பாட்டைக் கடைக்கு வரவழைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் வியாபாரம் சூடாக இருக்கும் என்றால் ஐந்தரைக்கு ஒரு கிண்ணம் பயறுச் சுண்டலோ கொண்டைக்கடலையோ சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போனதும் ஒரு அடையோடு நிறுத்துங்கள். மாலை டீக்கு எதிர்க்கடை பஜ்ஜியும், இரவு வழியில் பரோட்டாவும் நின்றாலே உங்கள் எடையில் வித்தியாசம் தெரியும்.

நடைக்கு மன்னார்குடியைவிட வசதியான ஊர் கிடையாது. ஹரித்ராநதித் தெப்பக்குளம் ஏறக்குறைய 23 ஏக்கர். நாலு கரையையும் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சுறுசுறுப்பாக நடந்தால் கால் மணி நேரம். வாரத்துக்குப் பத்துச் சுற்று வந்தால் 150 நிமிடம் ஆகிவிட்டது. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. அரட்டை அடித்துக்கொண்டு உலாவுவது மனசுக்கு நல்லது, கணக்கில் சேராது.

அந்தக் கால் மணி நேரத்தை மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு வைத்துக்கொண்டால் பலன் அதிகம். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால் ரத்தத்திலிருந்து சர்க்கரையை அவையே இழுத்துக்கொள்ளும். மதிய வெயிலில் வெளியே போக வேண்டியதில்லை, கடைக்குள்ளேயே குடோனுக்கும் கல்லாவுக்கும் நடந்தால் போதும். அரை மணிக்கு ஒரு முறை கல்லாவிலிருந்து எழுந்து, சரக்கை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராஜகோபால சாமி கோவில் பிராகாரம் இருக்கிறது. சித்திரையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். பாமணி ஆற்றங்கரை, வாய்க்கால் வரப்பு எல்லாம் காலையில் அழகு, இருட்டியபின் வேண்டாம். பூச்சி பொட்டு நடமாடும். கால் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் கோவில் கல்லில்கூட வெயிலில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள், சூடுபட்டாலும் தெரியாது.

இன்னொன்று, சைக்கிள். மேடு பள்ளமே இல்லாத பூமி இது. ஒரு தலைமுறைக்கு முன்னால் எல்லாரும் சைக்கிளில்தான் போனோம். இப்போது முக்குக் கடைக்குப் பால் வாங்கவும் பைக். வீட்டிலிருந்து கடைக்குச் சைக்கிளில் போய்வந்தால், தனியாக நேரம் ஒதுக்காமலே நாளைக்கு இருபது நிமிடம் கிடைக்கும்.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளாவது. நாற்பதுக்கு மேல் தசை கரைய ஆரம்பிக்கும். சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் இடமே தசைதான். ஜிம் வேண்டாம். பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம் முதல்தரமான உடற்பயிற்சி. பன்னிரண்டு போட்டு ஒரு நிமிடம் இளைப்பாறி மறுபடி பன்னிரண்டு, அப்புறம் இன்னொரு பன்னிரண்டு. முழங்கால் வலித்தால் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்தால் போதும். கைக்குச் சுவரில் சாய்ந்து தண்டால். கடையில் 25 கிலோ அரிசிப் பை இருக்கிறது; முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பையை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். முதுகுவலி, குடலிறக்கம் இருந்தால் இது மட்டும் வேண்டாம். வீட்டில் தரையில் சப்பணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையூன்றாமல் எழுந்து பாருங்கள், உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, வேறு எதற்காவது மாத்திரை சாப்பிட்டாலோ, பருப்பைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால் உடனே நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க எடை மிஷினைவிட ஒரு துண்டுச் சணல் கயிறு நம்பகமானது. 90 சென்டிமீட்டர் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபின் தொப்புளுக்கு நேரே சுற்றினால் இரு முனையும் தொட வேண்டும். ஆண்களுக்கு அதுதான் எல்லை; பெண்களுக்கு 80. உங்கள் மனைவிக்கும் ஒன்று வெட்டுங்கள், வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தால் மற்றவரையும் பார்த்துவிடுவது நல்லது. மாதம் ஒரு முறை அளந்தால் போதும், தினம் அளந்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று விருந்துகள் வரத்தான் செய்யும். அன்றைக்கு இலையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள், ஒரு இனிப்பு போதும். இரவு மோரோடு நிறுத்திக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்து பழைய வழிக்கு வந்துவிடுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் எச்பிஏ1சி எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் பழைய மாதங்களின் சர்க்கரையும் அதில் சேர்ந்து வரும். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, கடைக்குப் போகிற வழியில் எந்த நேரத்திலும் கொடுக்கலாம். கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி அளவு சரியாகக் காட்டாது. முடிவு வந்ததும் இரண்டையும், அரிசியை நிறுத்துப் பார்த்த கணக்கையும் எழுதி அனுப்புங்கள், அடுத்து எதைத் தொடலாம் என்று சொல்கிறேன்.